குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை: தெரியுமா?

குண்டு வெடிக்கும், தெரியும். மருந்து வெடிக்கும், அதுவும் தெரியும். துப்பாக்கியில் போடாமல், விசையை யாரும் தொடாமல், மரப்பெட்டிக்குள் சும்மா கிடந்த தோட்டாவின் பித்தளைக் கூடு தானாக வெடித்த கதை தெரியுமா? வெடித்தது என்றால் ‘டமார்’ என்று இல்லை. பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி, சத்தமே இல்லாமல் கழுத்தோரம் கீறல் விட்டு வெடித்தது. நடந்தது எங்கோ கண்காணாத தேசத்தில் இல்லை. நம் இந்தியாவில், வெள்ளைக்காரன் ஆட்சியில், அடைமழைக் காலத்தில்!

மழை பிடித்துக்கொண்டால் அந்தக் காலத்துப் படை நகராது. வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். வெயில் திரும்பும்வரை தோட்டாப் பெட்டிகளை நனையாத இடத்தில் வைக்க வேண்டும். முகாமில் ஒழுகாத கூரை எங்கே இருக்கும்? குதிரை லாயத்தில்! (அதே அளவுக்கு ஒழுகாத கூரை சிப்பாய்க்குக் கிடைத்ததா என்பது தனி விசாரணை.) பெட்டிகளை அங்கே அடுக்கினார்கள். மழை ஓய்ந்து திறந்து பார்த்தால், பல தோட்டாக்களில் விரிசல். அதுவும் எங்கே? கூட்டின் வாயை நெரித்துக் குண்டைக் கவ்வ வைத்திருக்கும் கழுத்தில்.

இதற்கு ‘சீசன் கிராக்கிங்’, அதாவது பருவ வெடிப்பு என்று பேர் வைத்தார்கள். மழைப் பருவத்தில் வந்ததால் அந்தப் பேர் என்பார்கள். பச்சை மரம் காயும்போது பிளப்பதுபோல இருந்ததால் வந்த பேர் என்று சொல்கிறவர்களும் உண்டு. பேர் வைத்தது சீக்கிரம் முடிந்தது. காரணம் புரிய 1921 வரை ஆனது! மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று உலோக ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆண்டு குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். யார் தெரியுமா? குதிரை மூத்திரம்!

சிரிக்காதீர்கள். மூத்திரம் அழுகினால் அம்மோனியா. லாயத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வை நினைத்துப் பாருங்கள். கொடுத்த உப்பில் தாமிரம் இருக்கிறதா என்று பார்க்க அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். முதலில் வெளிறிய நீலமாகத் திரியும். இன்னும் விட்டால் சட்டென்று தெளிந்து, பேனா மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல ஆழ்ந்த நீலம்! பார்த்ததும் ‘தப்பித்தோம்’ என்று பெருமூச்சு விட்ட அதே நீலம்தான். அம்மோனியாவைக் கண்டால் தாமிரம் கரைந்து அதன் பின்னால் போய்விடும். பித்தளையில் பெரும்பங்கு தாமிரம். லாயத்து ஈரக்காற்றில் இதே செய்முறைத் தேர்வு வாரக்கணக்கில் ஓசையில்லாமல் நடந்திருக்கிறது.

ஆனால் அம்மோனியா மட்டும் இருந்தால் விரிசல் வராது. இதுதான் விஷயத்தின் உச்சம்! பித்தளைக்குள் ஏற்கெனவே ஓர் இழுவிசை ஒளிந்திருக்க வேண்டும். வெளியே பார்த்தால் வழவழவென்று மின்னும் கூடு, உள்ளுக்குள் நாண் ஏற்றிய வில். அம்மோனியா மேலே ஒரு நூலளவு அரித்தால் போதும், மிச்சத்தை அந்த இழுவிசையே கிழித்து முடித்துவிடும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கூடு பத்திரம். குதிரையைக் கேட்டால், ‘பாதிப் பழி தொழிற்சாலைக்காரனுக்கு’ என்று சொல்லியிருக்கும்.

அந்த இழுவிசை உள்ளே வந்தது எப்படி? தோட்டாக் கூட்டை வார்ப்பதில்லை. உருட்டி ஒட்டுவதும் இல்லை. தடித்த நாணயம் போன்ற ஒரு பித்தளை வில்லையை அச்சில் வைத்து, மேலிருந்து உலக்கை போன்ற தண்டால் அழுத்துவார்கள். வில்லை கிண்ணமாகும். கிண்ணத்தை இன்னும் குறுகிய அச்சில் அழுத்தினால் டம்ளர். டம்ளரை மறுபடி அழுத்தினால் நீண்ட குழாய். எல்லாம் குளிர்ந்த நிலையில்! ஒவ்வோர் அழுத்தலுக்கும் பித்தளை விறைத்துக்கொண்டே போகும். வெறும் கையால் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் முதலில் சொன்னபடி கேட்கும், பிறகு முரண்டு பிடிக்கும், கடைசியில் பட்டென்று முறியும். அடிபட அடிபட இறுகுவது உலோகத்தின் சுபாவம்.

அதனால் இப்படி அழுத்தி நீட்டும் ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவே உலையில் போட்டுக் காய்ச்சி எடுப்பார்கள். அதன் பேர்தான் அனீலிங். காய்ச்சியதில் படிந்த ஆக்சைடுக் கறையை நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவி, அடுத்த அச்சுக்கு அனுப்புவார்கள். இழுப்பு, சூடு, கழுவல். இழுப்பு, சூடு, கழுவல். ஒரு கூடு பிறப்பதற்குள் இத்தனை தடவை தீக்குளிக்கும். கடைசி அழுத்தலுக்குப் பின் தீ படாவிட்டால், அதில் ஏறியதுதான் உள்ளே ஒளிந்த இழுவிசை.

இது நமக்கு அந்நியமான வித்தையா என்ன? கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைக்குள் போய் நின்றிருந்தால் தெரியும். தகட்டை ‘டங் டங்’ என்று அடித்துக்கொண்டே வருகிறவர், ஒரு கட்டத்தில் சுத்தியல் எழுப்பும் ஓசை மாறியதுமே நிறுத்திவிடுவார். உலையில் இட்டு, சிவந்ததும் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி அடிப்பார். நகைப் பட்டறையிலும் அதே கதைதான். அவ்வளவு ஏன், வீடு கட்டுகிற இடத்தில் கம்பி கட்டுகிறவர் இடுப்பில் சுருட்டி வைத்திருக்கிறாரே கருப்புக் கட்டுக்கம்பி, அது நூல் மாதிரி வளைவது எப்படி? அதுவும் அனீலிங் செய்த இரும்புக் கம்பிதான்!

இன்னொரு வேடிக்கை தெரியுமா? அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும்போது கொல்லர் என்ன செய்கிறார்? பழுக்கக் காய்ச்சி ‘சுர்ர்’ என்று தண்ணீரில் முக்குகிறார், எஃகு கெட்டிப்படுகிறது. அதே மாதிரி பித்தளையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். கெட்டிப்படாது. மெழுகு போலக் குழைந்துதான் வரும்! மெதுவாக ஆறவிட்டாலும் அதே குழைவுதான். பித்தளையைப் பொறுத்தவரை தண்ணீருக்கு வேலையே இல்லை. சூடு மேற்கொண்டு பரவாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். செய்து முடித்த பித்தளையைக் கெட்டிப்படுத்த வழி, குளிர்ந்த நிலையில் அடிப்பதோ அழுத்துவதோதான்.

காய்ச்சினால் ஏன் இளகுகிறது? பித்தளை கண்ணுக்குத் தெரியாத குருணைகளால் ஆனது. அடித்தால் குருணைகள் நசுங்கி, அவற்றுக்குள் அணுவரிசைகள் பிசகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. போக்குவரத்து நெரிசல் மாதிரி. யாராலும் நகர முடியாது, அதுதான் விறைப்பு. சூடு கொடுத்தால் நசுங்கிய குருணைகளைத் தின்றுகொண்டு புத்தம் புதுக் குருணைகள் முளைக்கின்றன. திடப்பொருளாக இருந்தபடியே, உருகாமலே, உள்ளே முழுக்கக் குடிமாற்றம்! இதைவிட ஆச்சரியம்: அந்த அணுவரிசைப் பிசகுகளைப் பற்றி 1934இல்தான் டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற மூன்று பேர், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், ஒரே ஆண்டில் விளக்கம் சொன்னார்கள். அதுவரைக்கும் பட்டறைக்காரர்கள் காரணம் தெரியாமலே கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் குருணைகளை வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமா? பழைய கட்டடங்களின் பித்தளைக் கதவுக் குமிழை உற்றுப் பாருங்கள். பல ஆண்டுகளாக ஆயிரம் கைகளின் வியர்வை அரித்து அரித்து, கோணல்மாணலான திட்டுத் திட்டாக மின்னும். ஒவ்வொரு திட்டும் ஒரு குருணை! ஆய்வகத்தில் அமிலம் வைத்துச் செய்கிற வேலையை உள்ளங்கை வியர்வை இலவசமாகச் செய்திருக்கும்.

சரி, தோட்டாவுக்கு எந்தப் பித்தளை? நூற்றுக்கு 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். இதற்குப் பேரே ‘கார்ட்ரிட்ஜ் பிராஸ்’, தோட்டாப் பித்தளை. தாமிரத்தோடு துத்தநாகம் சேரச் சேர வலு கூடும். வலு கூடினால் நெகிழ்வு குறைய வேண்டும் அல்லவா? இங்கே நெகிழ்வும் சேர்ந்து கூடுகிறது. 30 பங்கு வாக்கில் அது உச்சத்துக்குப் போகிறது. அதனால்தான் வில்லையைக் குழாயாக இழுத்தாலும் கிழிவதில்லை. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர் ஊதுகிற டிரம்பெட்டும் பெரும்பாலும் இதே கலவைதான் தெரியுமா? அதன் விரிந்த வாயையும் அடித்துக் காய்ச்சி, அடித்துக் காய்ச்சித்தான் விரிக்கிறார்கள். ஒரே உலோகம்தான், ஒரு பக்கம் மாப்பிள்ளை அழைப்பு, இன்னொரு பக்கம் போர்க்களம்!

இந்தக் கலவையில் சேரும் துத்தநாகத்தை உலோகமாகப் பிடிப்பதே பெரும்பாடு. 907 டிகிரி செல்சியஸில் அது ஆவியாகிப் பறந்துவிடும். தாமிரம் உருகுவதோ 1085இல். ராஜஸ்தானில் ஜாவர் என்ற ஊரில் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகம் வடித்தார்கள். பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் இங்கிலாந்தில் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை வாங்கிய 1738க்குப் பல நூற்றாண்டு முன்பே! உபயோகித்த குடுவைகளை அடுக்கிச் சுவரே கட்டியிருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டில் அடிப்பாகம் கல் மாதிரி இருக்க வேண்டும், கழுத்து இளசாக இருக்க வேண்டும்! ஏன்? துப்பாக்கி சுடும்போது கூட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் தெரியுமா? வேட்டைக்காரர்களிடம் பிரபலமான 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பங்க்சர் கடையில் கார் டயருக்கு ‘32 வைப்பா’ என்கிறோமே, அதே அளவுகோலில்! டயரைப்போல ஏறத்தாழ 1,900 மடங்கு. அதைத் தாங்கும் அடிப்பாகம் இளகியிருந்தால், அவ்வளவு அழுத்தமும் சுடுகிறவரின் முகத்துக்கு நேரே பின்பக்கம் பீறிடும். கழுத்தோ, நொடியில் விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே சுருங்கி, கழன்று வெளியே வர வேண்டும். விறைத்த கழுத்து இதைச் செய்யாது. பிளந்துவிடும். அடிப்பாகம் மாமியார், கழுத்து மருமகள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் உவமை சொன்னார். அவர் வீட்டு விவகாரம், நாம் தலையிட வேண்டாம்.

ஆகவே, கடைசியில் கழுத்தை மட்டும் தீயில் காட்டுவார்கள். ராணுவத் தோட்டாவைக் கையில் எடுத்தால் கழுத்திலும் தோளிலும் ஊதாவும் நீலமும் பழுப்புமாக ஒரு நிறத்தேமல் தெரியும். எண்ணெய்க் கறை என்று துடைக்கப் போகாதீர்கள். அது தீ வைத்த கையெழுத்து! கழுத்து காய்ச்சப்பட்டதற்குச் சாட்சியாக அமெரிக்க ராணுவத்துக்குப் போகும் தோட்டாவில் அதை அப்படியே விட்டுவைக்கிறார்கள். கடையில் விற்கும் தோட்டாவிலும் அதே வேலை நடந்திருக்கும். ஆனால் வாங்குகிறவர் ‘பழசோ’ என்று முகம் சுளிப்பார் என்று மெருகேற்றி அழித்துவிடுவார்கள். தேமல் இருப்பது அழகு என்று ராணுவம், இல்லாதது அழகு என்று சந்தை.

பருவ வெடிப்புக்கு மூர், பெக்கின்சேல் கூட்டணி கண்டுபிடித்த மருந்தும் இதன் தங்கச்சிதான். சிவக்கும்வரை காய்ச்ச வேண்டியதில்லை. 250, 300 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் வைத்தாலே உள்ளே ஒளிந்த இழுவிசை போய்விடும், கடினம் அப்படியே நிற்கும் என்று காட்டினார்கள். இழுவிசை போய்விட்டதா என்று சோதிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. பாதரச உப்புக் கரைசலில் கூட்டை முக்குவது. இழுவிசை மிச்சம் இருந்தால், கண்ணெதிரே கூடு கீறிக்கொள்ளும்! லாயத்தில் ஒரு மழைக்காலம் எடுத்த வேலை, பாதரசத்தில் சில நிமிடம்.

எல்லாத் தோட்டாவின் கழுத்துக்கும் இந்தத் தீ வாய்த்ததா? இல்லை. நீலகிரிக்கு மலை ரயிலில் போகிறவர்கள் குன்னூர் தாண்டி அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட் என்றால் பொடி இல்லை தெரியுமா? மாவைப் பிசைந்து இடியாப்ப அச்சில் பிழிவதுபோலப் பிழிந்தெடுத்த வெடிமருந்து இழை. ‘கார்டு’ என்றால் கயிறு. பேரே அதிலிருந்துதான் வந்தது. பழைய போலீஸ்காரர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பாசத்தோடு சொல்வார்களே, அந்த 303 ரைஃபிள் தோட்டாவுக்குள் இந்த இழைகளைக் கட்டாக நிறுத்தி வைத்தார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். கூட்டின் உடம்பு அகலம், கழுத்து குறுகல். இடியாப்பக் கட்டை ஊறுகாய் ஜாடியின் கழுத்து வழியாக எப்படி நுழைப்பது?

பதில் தலைகீழானது! கழுத்தே இல்லாத நேர்க் குழாயாகக் கூட்டை வைத்துக்கொண்டு, முதலில் இழைக்கட்டை உள்ளே இறக்கி, மேலே ஓர் அட்டை வில்லையை வைத்து மூடி, அதற்கப்புறம்தான் குழாயின் வாயைக் குறுக்கிக் கழுத்தாக்கினார்கள். உள்ளே மருந்து, வெளியே அச்சு! நெஞ்சு பதறுகிறதா? அந்த வேலையில் இருந்தவர்கள் தினம் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்து உள்ளே போனபிறகு கழுத்தைத் தீயில் காட்ட முடியுமா? ஆகவே கழுத்து உருவானபோது ஏறிய விறைப்பை இறக்க, அந்தத் தோட்டாவுக்குத் தீ என்கிற வழி அடைபட்டுவிட்டது.

இனி நெரிப்பு. கிரிம்பிங் என்றால் எலெக்ட்ரீஷியன்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயர் நுனியில் லக்கை மாட்டி, கிரிம்பிங் டூலால் ஒரு நசுக்கு. கோலி சோடா போய் வந்த சோடா பாட்டில் மூடியின் பல் பல்லான விளிம்பும் நெரிப்புதான். தோட்டாவில் கூட்டின் வாய் விளிம்பைக் குண்டின் மேல் மடக்கியோ இறுக்கியோ பிடிப்பது. குண்டின் இடுப்பில் சுற்றிவர ஒரு வரிப்பள்ளம் பார்த்திருக்கிறீர்களா? அலங்காரம் என்று நினைத்தேன், வெகுகாலம். வாய் விளிம்பு போய் உட்காருவதற்கான திண்ணையாம் அது.

குண்டு எப்படியும் வெளியே பறக்கத்தானே போகிறது, இறுக்கிப் பிடிப்பானேன்? பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடாரென்று வண்டியை எடுத்தால் என்ன ஆகும்? பேருந்து முன்னால் போகும், நாம் பின்னால் சாய்வோம். ரிவால்வரில் இது அப்படியே திரும்பி நடக்கிறது. முதல் தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் எகிறுகிறது. சுழல் உருளையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கூடும் கூடவே பின்னால் போகிறது. கனமான குண்டுகளோ ‘நாங்கள் இங்கேயே இருக்கிறோம்’ என்று நிற்கின்றன. ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கூட்டைவிட்டு இம்மி இம்மியாக முன்னால் ஊர்ந்து, கடைசியில் மூக்கை நீட்டி உருளையையே சுழலவிடாமல் பூட்டிவிடும்! தானியங்கித் துப்பாக்கியில் நேர்மாறு. தோட்டா சரிவில் மோதி அறைக்குள் ஏறும்போது குண்டு உள்ளே அமுங்கிவிடலாம். அமுங்கினால் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் எகிறும். முன்னால் வந்தாலும் வம்பு, பின்னால் போனாலும் வம்பு.

அதனால் வாயை நன்றாக மடக்கிவிடலாமா என்றால், அதற்கும் விதிவிலக்கு. ‘45 ஏசிபி’ மாதிரியான கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் அறைக்குள் எங்கே நிற்கின்றன தெரியுமா? வாய் விளிம்பில்தான்! அந்த மெல்லிய விளிம்பு அறையின் படிக்கட்டில் போய் முட்டி நிற்கிறது. விளிம்பை மடக்கிவிட்டால் நிற்க இடமில்லாமல் தோட்டா உள்ளே சரிந்துபோகும். ஆகவே அதற்கு மடக்கு நெரிப்பு கூடாது. புனல்போல லேசாகச் சரித்து இறுக்குவதோடு சரி.

அமெரிக்காவில் சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிச் சுடுவது லட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. நம்மூரில் படைக்கலச் சட்டம் 1959 இருக்கிறது. உரிமம் இல்லாமல் இதில் கை வைத்தால் களி நிச்சயம், ஆகவே நாம் எட்ட நின்று வாயைப் பிளப்போம். அங்கே இது பரவியதற்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் குறும்பு உண்டு. 1860களில் ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கரும், எட்வர்ட் பாக்சர் என்ற ஆங்கிலேயரும் தனித்தனியே இரண்டு விதமான பிரைமர்களைக் கொண்டுவந்தார்கள். பிரைமர் என்பது, தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி, அடித்ததும் பொறி தட்டுகிற சின்னக் கிண்ணி. பாக்சர் முறையில் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை. ஓர் ஊசியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் உதிர்ந்துவிடும். பெர்டன் முறையில் நடுவே ஒரு முளை, பக்கத்துக்கொன்றாகத் துளைகள், ஊசி நுழையாது. வேடிக்கை என்ன தெரியுமா? அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பா எடுத்துக்கொண்டது, ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது! பெண் எடுத்துப் பெண் கொடுத்த கணக்கு. அந்த ஒற்றைத் துளைதான் ஒரு நாட்டையே கேரேஜில் உட்கார்ந்து தோட்டா நிரப்ப வைத்தது.

அந்தக் கேரேஜ்களில் கேட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே கவலை, கழுத்து. சுட்டால் விரிகிறது, அச்சில் விட்டுச் சுருக்கினால் சுருங்குகிறது, நெரித்தால் மடங்குகிறது. சில சுற்றுகளில் பித்தளை விறைத்து, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நெடுக்காகப் பிளந்துவிடுகிறது. லாயத்துத் தோட்டாவுக்கு வந்த அதே இடத்து வியாதி! வைத்தியமும் அதேதான், தீ. மெழுகுவத்தியில் கழுத்தைக் காட்டி, அடிப்பாகத்தை விரலில் பிடித்துச் சுழற்றி, விரல் சுட்டதும் போட்டுவிடுவது பழைய கை முறை. அதில் கழுத்து உண்மையிலேயே இளகுகிறதா என்று இன்றுவரை அடிதடி. காஸ் சுடர் முன்னால் கூடுகள் வரிசையில் சுழன்று போகும் இயந்திரங்கள் உண்டு. இப்போது மின்தூண்டலும் வந்துவிட்டது. நம் சமையலறை இண்டக்ஷன் அடுப்பு பித்தளைப் பாத்திரத்தை ஏறெடுத்தும் பார்க்காது, தெரியும்தானே? அதே தத்துவத்தில் அதிர்வெண்ணை ஏற்றினால் பித்தளைக் கழுத்து சில நொடிகளில் சூடேறிவிடுகிறது!

அழுக்கெடுக்க அவர்கள் போடுவது என்ன தெரியுமா? வால்நட் ஓட்டுத் தூள், மக்காச்சோளத் தக்கைத் தூள், அல்லது எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்த்த என் அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷை மட்டும் விவரம் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இந்த லாயத்துக் கதையைப் படித்த அன்று எனக்குப் பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது. கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒரு பித்தளைக் குடம் தொங்கும். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது கழுத்து வளைவில் மயிரிழைக் கீறல். விளக்கு வைத்துப் பார்த்தால் உள்ளிருந்து வெளிச்சம் கோடாய்த் தெரிந்தது. யார் கீழே போட்டது என்று வீடே அல்லோலப்பட்டது. பழி என் மேல் விழுந்தது. அது அம்மோனியாவின் வேலையா, என் வேலையா என்று நிரூபிக்க இன்று குடமும் இல்லை, மாடும் இல்லை. சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

குடம் போகட்டும், காலிக் கூடே பூச்சாடியான கதையும் உண்டு. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் பீரங்கியின் காலிக் கூடுகளைக் காய்ச்சி, உள்ளே மணலோ கீலோ அடைத்துத் தட்டி, பூச்சாடி செய்தார்கள் தெரியுமா? ஐரோப்பிய வீடுகளின் அலமாரிகளில் அவை இன்றும் நிற்கின்றன.

கடைசியாக ஒன்று. கல்லூரி என்.சி.சி.யில் எங்களுக்குச் சுடும் பயிற்சி, 22 ரைஃபிள், ஆளுக்கு ஐந்து தோட்டா. இலக்கில் எத்தனை பட்டது என்பதைவிட ஹவில்தாருக்கு முக்கியம், காலிக் கூடு எண்ணி ஒப்படைப்பது. நாற்பது சுட்டால் நாற்பது திரும்ப வேண்டும். அன்று முப்பத்தொன்பதுதான் இருந்தது. எட்டுப் பேரும் முழங்காலிட்டுப் புல்லைத் தடவினோம். சாப்பாட்டு நேரம் போயிற்று, வெயில் இறங்கிற்று, ஹவில்தார் மீசையை முறுக்குவதை நிறுத்திவிட்டுத் தானும் குனிந்தார். பொழுது சாயும்போது ஒருவனுடைய பேண்ட் மடிப்பிலிருந்து ‘டிங்’ என்று விழுந்தது, சுண்டுவிரல் நுனியளவு பித்தளை.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. 22 தோட்டாவில் தனி பிரைமரே கிடையாது தெரியுமா? பொறி மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஊசி ஒருமுறை விளிம்பை நசுக்கினால் அந்தக் கூட்டின் ஆயுள் தீர்ந்தது. 1857இலிருந்து இன்றுவரை செய்யப்பட்டு வரும் ஜாதி அது. கேரேஜில் கூடு நிரப்பும் அமெரிக்கர்கூட அதைக் குனிந்து பொறுக்குவதில்லை. நாங்கள் எட்டுப் பேரும் ஒரு ஹவில்தாரும் மத்தியானம் பூராவும் தேடியது அதைத்தான்.